பத்திரத்தில் எழுதியவர் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடைக்கால ஐரோப்பாவின் எழுத்தர் சங்கங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, அவை கூலியை உயர்த்திக்கொள்ளவே தோன்றின என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தக்கலையில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிவரும் எனக்கு அந்த வரி உறுத்தலாகவே இருக்கிறது.

மடங்களில் துறவிகள் படியெடுத்த காலம் வேறு. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பல்கலைக்கழகங்களும் வணிக நகரங்களும் வளர, பாடநூலும் உயிலும் விற்பனைப் பத்திரமும் வேண்டியோர் பெருகினர். கூலிக்கு எழுதுவோர் கடை போட்டனர். பாரிசில் புத்தக வணிகர்களுக்குப் பல்கலைக்கழகமே 1275-இல் விதி வகுத்தது.

லண்டன் பத்திர எழுத்தர்கள் 1373-இல் மேயரிடம் அளித்த விண்ணப்பத்தைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். நகரின் வழக்கங்களை அறியாத வெளியூராரும் பாதிரியார்களும் தம்மை எழுத்தர் என்று சொல்லிக்கொண்டு உயிலும் பத்திரமும் எழுதுவதாக முறையிட்ட அவர்கள், திறமை சோதித்துத் தேறியவரே கடை வைக்க வேண்டும் என்றும், எழுதும் பத்திரத்தில் எழுதியவர் தம் பெயரை இட வேண்டும் என்றும் கேட்டனர். போட்டியாளரை விலக்கும் எண்ணம் அதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலி ஒன்றையே கருதிக் கூடியவர்கள், தம் பிழைக்குத் தம்மையே பிடித்துக்கொடுக்கும் விதியைக் கேட்டு வாங்குவார்களா?

நம் கோயில் கல்வெட்டுகள் பலவும் ‘இவை இன்னார் எழுத்து’ என்றே முடிகின்றன. அந்த ஒரு வரியின் பயனை நான் நேரில் கண்டேன். எங்கள் பக்கம் ஆதாரம் என்று சொல்லப்படும் பழைய நிலப்பத்திரம் ஒன்றைச் சென்ற ஆண்டு ஓர் அம்மா கொண்டுவந்தார். அதில் சர்வே எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கீழே எழுதியவர் பெயர் இருந்தது, எனக்குத் தொழில் கற்பித்த ஆசானின் பெயர். எண்பதைக் கடந்த அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிவரியாகத் தடவிப் படித்து, “எழுத்தும் என்னுடையது, தப்பும் என்னுடையது” என்றார். விற்றவரின் வாரிசுகள் இருக்கும் ஊரையும் அவரே நினைவிலிருந்து சொன்னதால்தான் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத முடிந்தது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் 1373-ஆம் ஆண்டு விண்ணப்பத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பத்திர எழுத்தர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.