நடந்து கடக்கிறவர்களையும் எண்ணுங்கள்

தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களைத் தீட்டி, தேர்ந்தெடுத்து, ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் டீக்கடைக்கு எதிரில் நான்கு பையன்கள் முறை மாற்றி ஏழு நாள் இரவு பகலாக உட்கார்ந்து வண்டி எண்ணினார்கள். காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில், 44-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். கார், பஸ், லாரி, டிராக்டர், பைக், சைக்கிள், மாட்டு வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தாளில் ஒரு கட்டம் இருந்தது. ஐந்தாம் நாள் காலை, பால் கேனோடு நடுத்திட்டில் நின்றிருந்த இரண்டு பெண்களைக் காட்டி, "தம்பி, இவங்களை எதுல போடுவீங்க?" என்று கேட்டேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடக்கறவங்களுக்குக் கட்டம் இல்லீங்கண்ணா" என்றான்.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொடுத்த தாளில் கோடு போட்டான். தாளைத் தயாரித்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

எங்கள் வீடு சாலைக்கு இந்தப் பக்கம். கிணறு, நிலம், பால் சொசைட்டி எல்லாம் அந்தப் பக்கம். சாலை இரண்டு வழியாக இருந்தபோது, லாரி போகட்டும் என்று கொஞ்சம் நின்று, அம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார். நான்கு வழியாக்கி நடுவில் திட்டு போட்ட பிறகு, ஒரே மூச்சில் கடக்க முடியாது. பாதி கடந்து திட்டில் நிற்க வேண்டும். விடிவதற்கு முன்னால், பனிக்காலத்தில், ஒரு கையில் கேனும் இன்னொரு கையில் மாட்டுக் கயிறுமாக அந்தத் திட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். பெங்களூருவிலிருந்து சேலம் போகும் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது மாடு மிரளும். மாட்டைப் பிடிப்பதா, பாலைப் பிடிப்பதா? ஒரு நாள் மாடு இழுத்த இழுப்பில் அம்மா திட்டின்மேல் விழுந்து முழங்கையில் எலும்பு விட்டுப்போனது. வண்டி எதுவும் மோதவில்லை. அதனால் அது விபத்துக் கணக்கிலும் வரவில்லை.

பைக் வைத்திருப்பவர்கள் யூ டர்ன் எடுக்கப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதால் ராங் சைடில் வருகிறார்கள். தவறுதான், நான் மறுக்கவில்லை. மாங்காய் சீசனில் டிராக்டர்களும் அப்படித்தான் மண்டிக்குப் போகின்றன. சர்வீஸ் ரோடு எங்கள் ஊருக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர்களை வேறு எப்படிப் போகச் சொல்வீர்கள்?

அம்மா இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். இப்போது அவர் சாலையைக் கடப்பதே இல்லை. ஏழு நாள் கணக்கில் நடப்பவர்களுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தாலும் அவர் அதில் வந்திருக்க மாட்டார். பயந்து நின்றுவிட்டவர்களை எந்தத் தாளில் எழுதுவீர்கள்?

உங்கள் முறை எனக்கு ஓரளவு தெரியும், படித்திருக்கிறேன். எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றிக் கூட்டுகிறீர்கள். சாலை நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் கிராமப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட நெறிமுறையில் கார் என்றால் 1, லாரி 3, பைக் அரை, மாட்டு வண்டி 8. நடக்கிற ஆளுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அப்புறம், சாலையை அகலப்படுத்தினால் வண்டிகளுக்கு எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தேய்மானம், பயணிகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று பணமாக்கி, செலவோடு ஒப்பிட்டு, எந்தத் திட்டம் முதலில் என்று முடிவு செய்கிறீர்கள். வேகமாகப் போகிறவரின் ஐந்து நிமிடம் அந்தக் கணக்கில் லாபம். அதே வேகத்தால் திட்டில் நிற்கிறவர் இழக்கும் அரை மணி நேரம் எந்தப் பக்கம் எழுதப்படுகிறது?

விபத்துப் பகுதி என்று அறிவிக்க வைத்திருக்கும் அளவையும் பாருங்கள். சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. தொட வேண்டும் என்றா காத்திருக்கிறீர்கள்? இதே சாலையில் சேலம் போகும் வழியில் இருக்கும் தொப்பூர் கணவாயில் எத்தனை ஆண்டு, எத்தனை பேர்! 2024 ஜனவரி 24 அன்றுகூட நான்கு பேர் அங்கே இறந்தார்கள். அந்த மலைச்சரிவின் ஆபத்து அந்த வழியே லாரி ஓட்டும் எல்லோருக்கும் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்குப் பெரிய திட்டமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் பாரத்மாலா என்ற நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தீர்கள். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஆராய்ந்து வழித்தடம் வகுத்தீர்கள். 34,800 கிலோமீட்டர், 5,35,000 கோடி ரூபாய். மறு ஆண்டே சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை என்று சொல்லி அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வயல்களில் கல் நட்டார்கள். 277 கிலோமீட்டருக்கு சுமார் 10,000 கோடி. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அதே மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு, சாலை இல்லாததால், வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. மலைக் கிராமச் சாலை உங்கள் துறை இல்லை, அதற்கு வேறு திட்டம், அதில் 250 பேர் இருக்கிற குடியிருப்பு, 500 பேர் இருக்கிற குடியிருப்பு என்று வேறு அளவு என்பீர்கள். சரி. ஆனால் எந்தத் திட்டத்தை எடுத்தாலும், தலைகளோ வண்டிகளோ குறைவாக இருக்கிற இடம் வரிசையில் கடைசிக்குப் போவது மட்டும் மாறுவதில்லையே. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை வண்டி எண்ண ஆள் அனுப்பும்போது, நடந்து கடக்கிறவர்களுக்கும் ஒரு கட்டம் போட்டு அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தையும் பால் ஊற்றும் நேரத்தையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். சாலை பிரித்துப்போட்ட ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு, முன்பு கடந்து இப்போது கடக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று விரிவான திட்ட அறிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வழியாக்குவதற்கு மதிப்பீடு போடும்போது, ஆளும் மாடும் போகிற அளவுக்கு ஒரு சுரங்கப்பாதையையும் அதே மதிப்பீட்டில் வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிய வேலை எங்கள் பக்கம் வந்ததே இல்லை. எந்தத் திட்டத்துக்கு என்ன மதிப்பெண், எது ஏன் முந்தியது என்ற பட்டியலைக் கிராம சபையில் தமிழில் ஒட்டுங்கள்.

எண்ணி முடித்த தாள்கள் இந்நேரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அவற்றை வைத்து முடிவெடுப்பதற்கு முன், உங்களில் ஒருவராவது காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டீக்கடை அப்போதே திறந்திருக்கும். பால் ஊற்ற வருகிறவர்களோடு ஒரு தடவை அந்தப் பக்கம் போய், திரும்பி வாருங்கள்.

இப்படிக்கு,
சாலையோரத்து ஊர்க்காரன் ஒருவன்