கண்ணாடிக் கடை அண்ணனுக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

என் பையனுக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணிப் போட்ட கட்டு பிரிச்சாச்சு. பிரிஞ்சு போயிருந்த ரெட்டினா, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்குற பார்வைத் திரை, இப்ப ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு நேத்து டாக்டரம்மா சொன்னாங்க, அதக் கேட்டதுலேருந்து எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப அதுக்குள்ள போக தெம்பில்ல.

ஆனா திருப்பாப்புலியூர் கண்ணாடிக் கடை அண்ணனப் பத்தி நெறைய பேருக்குத் தெரியாது. பையன் பிரேம உடைச்சுட்டான், மாத்திட்டு வந்துடலாம்னுதான் போனோம். சாயங்கால நேரம், கடை நெறைய ஆளு. அவரு பிரேம் சரியா உக்காருதான்னு பாக்கும்போது இவனோட ஒவ்வொரு கண்ணா கையால மறைச்சாரு. இடது கண்ண மறைச்சா சும்மா இருக்கான், வலது கண்ண மறைச்சா கைய தட்டி விடுறான். விளையாடுறான்னு நான் சொல்றேன், அவரு கீழயே உக்காந்துட்டாரு, பேனா காட்டி சாவிக்கொத்து காட்டி திரும்பத் திரும்பப் பாக்குறாரு, அப்பவும் அதேதான். "அக்கா, குட்டி குறைமாசத்துல பொறந்தவனா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "கண்ணாடி இப்ப வேணாம்க்கா, இது பவர் விஷயமாத் தெரியல, ரெட்டினா டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க"ன்னுட்டு, கடைய விட்டு எறங்கி வந்து பாண்டி பஸ்ல ஏத்தி, தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விடுங்கன்னு கண்டக்டர்கிட்டயும் சொல்லிட்டுதான் திரும்பினாரு. வர்ற வியாபாரத்த வேணாம்னு சொல்லிட்டு ஒரு மனுஷன் நம்ம புள்ள கண்ண பாக்குறாருன்னா அவரு கைய எங்க வச்சு கும்பிடுறது.

ஒரு கண்ணு நல்லா தெரிஞ்சா இந்த வயசுப் புள்ளைங்க இன்னொண்ணு தெரியலன்னு சொல்லவே சொல்லாதாம். ரெட்டினாவுக்குப் போற ரத்தக்குழாய் வயித்துக்குள்ள 16வது வாரம் வாக்குல வளர ஆரம்பிச்சு 40வது வாரத்துக்கிட்டதான் ஓரம் வரைக்கும் போய்ச் சேரும். இவன் 29வது வாரத்துலயே வந்துட்டான், மிச்சம் வெளிய வளரும்போது தாறுமாறாப் போச்சு, பச்சக் குழந்தையிலயே லேசர் வச்சாங்க. லேசரோட முடிஞ்சிடறதில்லங்க. கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக்கண் (ஒரு கண்ணு சரியாப் பழகாம பார்வை மங்கிப் போறது) எல்லாம் பின்னாடி வரலாம், வருஷங்கழிச்சு ரெட்டினா பிரியறதும் உண்டு.

ஆபரேஷன் பண்ண டாக்டருங்க, ரெட்டினா ஒட்டணும்னு ராத்திரி முழுக்க இவன குப்புறப் படுக்க வச்ச நர்ஸ் அக்காங்க, கேட்ட ஒடனே பணம் பொரட்டிக் குடுத்த மகளிர் குழு அக்காங்க, கடலூர் ஓல்டு டவுன்லேருந்து சோறு கட்டிக்கிட்டு வந்த சித்தி, லீவ பத்தி ஒரு வார்த்த கேக்காத மிஸ், எல்லாருக்கும் நன்றி.

இனிமே இவனுக்கு எத்தன வயசானாலும் நல்லாத் தெரியுதுன்னு சொன்னாலும் வருஷா வருஷம் சொட்டு மருந்து போட்டு ரெட்டினா பாக்காம விடமாட்டேன். 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்குக் கம்மியாவோ பொறந்த புள்ள உங்க வீட்ல இருந்தா பொறந்த 30 நாளுக்குள்ள மொத ரெட்டினா செக்கப் முடிச்சிடுங்க, ரொம்ப சின்னதாப் பொறந்திருந்தா அதுக்கும் முன்னாடியே. கைக்குழந்தையோட தனியாப் போகப் பயமா இருந்தா சொல்லுங்க, கடலூர் பக்கம் யாரா இருந்தாலும் நான் கூட வர்றேன்.