எல்லாக் கிளப்புக்கும் ஒரே செலவு உச்சவரம்பு வேண்டும்: யூஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் அலெக்சாண்டர் செஃபெரின் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 கோடையில் இங்கிலாந்தின் போர்ன்மவுத் அணிக்கு நேர்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹைசன் ரியல் மாட்ரிட்டுக்கும், கெர்கெஸ் லிவர்பூலுக்கும், சபார்னி பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜிக்கும் போனார்கள். நால்வர் நிற்கும் தடுப்பு வரிசையில் மூவர் ஒரே கோடையில் காலி. லிவர்பூல் அப்போது இங்கிலாந்து சாம்பியன், பிஎஸ்ஜி ஐரோப்பிய சாம்பியன். எல்லாம் விதிப்படிதான் நடந்தது. ஒரு கிளப் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்லும் அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

பணத்தால் கோப்பையை வாங்க முடியாது என்பவர்கள் பிஎஸ்ஜியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2017இல் நெய்மாருக்கு மட்டும் 22.2 கோடி யூரோ கொடுத்தார்கள். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் இருந்த இரண்டு சீசனிலும் ஐரோப்பியக் கிளப்களின் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16 அணிகள் மிஞ்சும் சுற்றிலேயே வெளியேறினார்கள். மூவரும் போன பிறகுதான், 2025இல், இண்டர் மிலானை 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். உண்மைதான். ஆனால் அதே பிஎஸ்ஜி 2013 முதல் 2025 வரை 13 பிரெஞ்சு லீக் பட்டங்களில் 11ஐ வென்றிருக்கிறது. தோற்றால் வெளியே என்ற நாக் அவுட்டில் ஒரு கெட்ட இரவு போதும், பணக்கார அணியும் வீட்டுக்குப் போய்விடும். லீக் ஒன்பது மாத ஓட்டம். அங்கே காயம்பட்டவனுக்குப் பதிலாக இறங்குகிறவனும் நட்சத்திரமாக இருக்கும் அணியை யார் பிடிப்பது? மான்செஸ்டர் சிட்டி 2018 முதல் 2024 வரை ஏழு சீசனில் ஆறு முறை சாம்பியன் ஆனது அப்படித்தான்.

நட்சத்திரத்தை வாங்குவதால் வாங்கியவனின் பலம் கூடுகிறது என்பது பாதிக் கதை. எதிரியின் முதுகெலும்பு முறிகிறது என்பது மீதிக் கதை. நான் டார்ட்மண்ட் ரசிகன், அதைப் பார்த்தவன். 2011, 2012 என்று அடுத்தடுத்து ஜெர்மன் லீக்கை வென்ற அணி அது. 2013 ஏப்ரல் 24 அன்று ரியல் மாட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முந்தைய நாள் காலையில் செய்தி வருகிறது: எங்கள் மரியோ கோட்சேயை 3.7 கோடி யூரோவுக்கு ஜெர்மன் லீக்கின் எதிரணியான பாயர்ன் வாங்கிவிட்டது. சின்னப் பையனாக அந்தக் கிளப்பில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்தவர். பாயர்னும் அதே போட்டியின் அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்த அணி. மறுநாள் இரவு எங்கள் லெவன்டோவ்ஸ்கி நான்கு கோல் அடித்து ரியலைச் சாய்த்தார். ஒரு மாதம் கழித்து வெம்ப்ளியில் இறுதிப் போட்டி, எதிரே பாயர்ன். கோட்சே காயத்தால் ஆடவில்லை. ராபன் 89ஆவது நிமிடத்தில் அடித்த கோலில் 2-1 என்று தோற்றோம். அடுத்த ஆண்டு அந்த நான்கு கோல் நாயகனும் பாயர்னுக்கே போனார், ஒப்பந்தம் முடிந்ததால் ஒரு காசு கூட வரவில்லை. 2016இல் கேப்டன் ஹும்மல்ஸும் அங்கேயே. 2013 முதல் 2023 வரை பதினொரு லீக் பட்டமும் பாயர்னுக்குத்தான். அந்த வீரர்களை நான் திட்டவில்லை, நல்ல சம்பளத்துக்குப் போவது அவர்கள் உரிமை. நான் கேட்பது உங்களை.

உங்கள் புதிய விதி என்ன சொல்கிறது? சம்பளம், வீரர்களை வாங்கும் செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிளப்கள் கடனில் மூழ்காமல் இருக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 100 கோடி யூரோ சம்பாதிக்கும் கிளப் 70 கோடி செலவழிக்கலாம், 10 கோடி சம்பாதிக்கும் கிளப் 7 கோடியோடு நிற்க வேண்டும். இருக்கிற இடைவெளிக்கு நீங்களே முத்திரை குத்தித் தருகிறீர்கள். சதவீதம் வேண்டாம், எல்லாக் கிளப்புக்கும் ஒரே தொகையில் உச்சவரம்பு வையுங்கள்.

ஐரோப்பியச் சட்டம் இடம் தராது என்பீர்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் என்எஃப்எல் லீக்கில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. வீரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசித்தான் கொண்டுவந்தார்கள். நீங்கள் அப்படி உட்கார்ந்து பேசுங்கள். சாம்பியன்ஸ் லீக்கை 36 அணிகளாக்கி ஆட்டங்களைக் கூட்ட மட்டும் எல்லோரையும் சம்மதிக்க வைக்க முடிந்ததே! ஆட்டம் கூடக்கூட யாருடைய மாற்று வீரர் பெஞ்ச் பெரிதோ அவர்களுக்குத்தான் லாபம் என்று அந்த மேசையில் ஒருவர் கூடவா சொல்லவில்லை? சிறிய கிளப்பின் ரசிகன் டிக்கெட் வாங்கும்போது மட்டும்தான் உங்கள் கணக்கில் வருகிறானா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இரண்டுதான். ஒரே தொகை உச்சவரம்பை செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு எடுங்கள். அப்புறம், ஒரே போட்டியில் இரண்டு அணிகளும் இன்னும் களத்தில் இருக்கும்போது ஒன்று மற்றொன்றின் வீரரை விலை பேசுவதற்குத் தடை போடுங்கள். இந்த இரண்டாவதற்கு எந்தச் சங்கத்தோடும் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருக்காது. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டார்ட்மண்ட் ரசிகன்