சாலைக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவே மரம் வைத்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மதுரையின் வடக்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் பின்பக்கமாகப் புதிய சாலை வந்து ஓடத் தொடங்கிவிட்டது. சாலை வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. பேறுகாலத்துக்கு ஊருக்குள் சுற்றி நெரிசலில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தச் சாலையின் அருமை எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்டதெல்லாம், சாலைக்கும் எங்கள் பின்வாசலுக்கும் நடுவே கிடக்கிற அந்த ஒடுக்கமான நிலத்தில் என்ன நடுவது என்பதை எங்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள் என்பதுதான். அது நடந்திருக்கிறது. நடத்திக் கொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் புல்தரையும் அலங்காரச் செடிகளும், வேலியோரம் நெடுக கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரமும் போட்டிருந்தார்கள். கோனோகார்ப்பஸ் மளமளவென்று வளரும், பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லையைக் கிளப்புவதாகவும், வேர்கள் குழாய்களையும் கேபிள்களையும் பதம் பார்ப்பதாகவும் புகார் எழுந்து, குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது. பிறகு தமிழக அரசும் அதே முடிவுக்கு வந்தது. இதையெல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். எங்கள் முதல் நன்றி அவருக்கு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் எடுத்துப்போன மனுவை எழுதியவர் அவரே. வெறும் எதிர்ப்பாக அல்லாமல், எந்த இடத்தில் எந்த மரம், ஏன் என்று கையால் வரைந்த படத்தையும் மனுவோடு இணைத்தார். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2015-ஆம் ஆண்டுப் பசுமைக் கொள்கை, மரம் வளர்ப்புக்குத் திட்டச் செலவில் 1 சதவீதத்தை ஒதுக்கவும் உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொள்ளவும் சொல்வதை மேற்கோள் காட்டியிருந்தார். எங்கள் சாலைக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனாலும் படத்தை மேசை மேல் விரித்துவைத்துப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் ஒருவரை நாங்கள் மறக்க மாட்டோம். மனுவை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு அவர் போயிருக்கலாம். மாறாக, ஒரு நாள் மாலை தெருவுக்கே வந்து, வீடு வீடாகப் பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னார். இரவில் லாரி திரும்பும்போது எந்தச் சன்னலில் வெளிச்சம் அடிக்கும், கொடியில் காயும் துணியில் புழுதி எந்தப் பக்கமிருந்து வந்து படிகிறது என்று பெண்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். எங்கள் விருப்பத்துக்கெல்லாம் அவர் தலையாட்டவில்லை. வளைவின் உட்பக்கம் மரம் வைத்தால் எதிரே வரும் வண்டி தெரியாது என்று அங்கே மறுத்துவிட்டார். நாவல் மரத்தைச் சாலையோரத்தில் விடவே மாட்டேன் என்றார். பழம் உதிரும் காலத்தில் தார்ச்சாலையில் இருசக்கர வண்டி வழுக்கும். மின்கம்பி போகும் இடத்தில் உயரம் போகாத செடிதான் என்பதிலும் கறாராக இருந்தார். அவர் மறுத்தவற்றுக்கும் சேர்த்தே எங்கள் நன்றி.

இப்படிப் பேசிப் பேசித்தான் இப்போதுள்ள அமைப்பு வந்தது. சாலையை ஒட்டி வேம்பும் புங்கனும், கிளை முட்டாதபடி தாராளமாக இடைவெளி விட்டு. அவற்றுக்குப் பின்னால் பூவரசும் மகிழமும். வீட்டுப் பக்கம் நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கமான உயிர்வேலியாக. நாவலும் மருதமும் ஈரம் நிற்கும் கண்மாய்ப் பக்கத்துக்குப் போய்விட்டன. வரத்துக் கால்வாய் ஓரத்தில் இரண்டு கடம்பு வைத்திருக்கிறோம். கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் கடம்பு இல்லாமல் எப்படி என்று கேட்ட பூக்கட்டும் அம்மாவின் வற்புறுத்தல் அது.

நொச்சியையும் ஆடாதொடையையும் சொல்லிக்கொடுத்தவர் கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிற பெரியவர். வேறு எந்தச் செடியை வேலியாக வைத்தாலும் தன் ஆடுகளே ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும், இவை இரண்டிலும் வாய் வைக்காது என்று அவர் நேராகவே சொன்னார். நொச்சிக் குச்சிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்ததும் அவர்தான். ஐயா, நீங்கள் சொன்னதுபோல் குச்சியின் கணுவில் துளிர் எட்டிப் பார்த்துவிட்டது.

ஜேசிபி ஓட்டிய தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. சாலைக்காகக் கொட்டி இறுக்கிய கிராவலில் கடப்பாரை இறங்கவில்லை. மேலாகப் பறித்து நட்டிருந்தால் கன்று தொட்டியில் வைத்ததுபோல் வேர் சுருண்டு செத்திருக்கும். அவர் தன் வேலை நேரம் முடிந்த பிறகு நின்று, மூன்றடி ஆழத்துக்குக் குழி போட்டு, கிராவலை அப்புறப்படுத்தினார். உரிய அனுமதியோடு எடுத்த கண்மாய் வண்டலும் மாட்டுச் சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நாங்கள் குழியை நிரப்பினோம். டீசலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்துவிட்டார். சாப்பாடு மட்டும் சாப்பிட்டார்.

பனை விதை சேகரித்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களைக் கூட்டிவந்த ஆசிரியைக்கும் நன்றி. கரையில் அவர்கள் ஊன்றிய விதைகளில் முளைவிட்டவை மண்ணுக்குள் வேர் இறக்கிக்கொண்டிருக்கின்றன. மேலே ஓலை தெரியக் காலமாகும். பிள்ளைகள் பொறுமையாக இருக்க வேண்டும். கன்றுகளைக் குறைந்த விலைக்குத் தந்த நாற்றங்கால்காரருக்கும், முள்கூண்டு கட்டித்தந்த இளைஞர்களுக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்த வார்டு உறுப்பினருக்கும் நன்றி. அவர் எந்தக் கட்சி என்று எங்களில் பாதிப் பேர் கேட்கவே இல்லை.

எங்கள் தெருப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சித்திரை வெயிலில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர்கள் அவர்கள். துணி அலசிய கடைசித் தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. எந்தக் கன்று எந்த வீட்டுப் பொறுப்பு என்று சுண்ணாம்பால் எண் எழுதிப் பிரித்துக்கொண்டதும் அவர்களின் யோசனை.

லாரிச் சத்தம் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. மரம் சத்தத்தை முழுவதுமாக நிறுத்தாது, பல அடுக்காக அடர்ந்தால்தான் ஓரளவு மட்டுப்படும் என்று பேராசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் புழுதி குறைந்திருக்கிறது. நொச்சி இலையைத் தடவிப் பார்த்தால், வீட்டுக்குள் வந்திருக்க வேண்டிய தூசி விரலில் ஒட்டுகிறது.

பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக ஐப்பசி மழையில் புதியவை வைக்கிறோம். குழிகளைப் புரட்டாசியிலேயே தயார் செய்துவிடலாம் என்று உதவிப் பொறியாளரும் சம்மதம் தந்திருக்கிறார். மேற்சொன்ன அனைவரையும் கன்று நடும் அன்றைக்கு எங்கள் தெருவில் மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறோம். ஜேசிபி தம்பி கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
குடியிருப்போர் நலச்சங்கத்துக்காக,
செயலாளர்