தண்ணீரைக் கடக்கிற பாட்டு

ஃப்ரீடவுன்,
சியரா லியோன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சோறு சாப்பிடாத அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று சொல்கிற ஊர் இது. மரவள்ளிக் கீரைக் குழம்பில் சிவப்பாகப் பனை எண்ணெய் மிதக்கும். பழகிவிட்டது.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அம்மாச்சி நினைவு வந்துதான். எங்கள் கடையில் கணக்கு பார்க்கும் அக்கா மெண்டே இனத்துக்காரர். அவர்களில் பிறப்புக்கும் சாவுக்கும் சடங்கு செய்வது பெண்கள்தானாம். புதைத்துச் சில நாள் கழித்து, சமாதியில் சோறாக்கிப் படைத்துப் பாடுவார்கள். அதற்குப் பேர் தெஞ்சாமி. ஏதோ நம் ஊர் எல்லைச்சாமி என்று நினைத்தேன்! தண்ணீரைக் கடப்பது என்று அர்த்தமாம்.

இஸ்லாமும் கிறிஸ்தவமும் வந்தபின் அது நின்றுபோனது. செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பாட்டி மட்டும் அந்தப் பாட்டைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிரிந்துபோன சொந்தம் என்றைக்காவது வந்தால் இதை வைத்து அடையாளம் தெரியும் என்றாளாம்.

நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்றே இந்தப் பக்கத்து ஜனங்களை அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஜார்ஜியாவில், 1930களில், அமீலியா டாலி என்பவர் பாடிய பாட்டை லோரன்சோ டர்னர் என்ற மொழியியலாளர் பதிவு செய்தார். பாடியவருக்கே அர்த்தம் தெரியாது. அது இதே பாட்டு, அம்மா. அமீலியாவின் மகள் மேரி மோரன் 1997இல் அந்தப் பாட்டியின் கிராமத்துக்கே வந்துவிட்டார்.

அப்போது இங்கே உள்நாட்டுப் போர். 1991இல் தொடங்கி 2002 வரை நடந்தது. அந்தக் கிராமமும் அடிபட்டுக் கிடந்தது. அந்த நிலையிலும் ஊர்த்தலைவர் தெஞ்சாமியை மறுபடி நடத்தினார். அக்கா வீட்டில் செத்தவர்களைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்களாம். "எங்களுக்கு அழுகை பாக்கி இருந்தது" என்றார். போர் முடிந்தபின் பல ஊர்களில் நெருப்பு மூட்டி, செய்தவனும் பட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்கள். அப்புறம் பாட்டும் ஆட்டமும். குடும்பப் பேச்சு என்று அதற்குப் பேர்.

அம்மாச்சி சாவு வீடுகளில் மாரடித்துப் பாடும்போது, காலேஜ் நண்பர்கள் பார்க்கிறார்களே என்று நான் தெருமுனையில் போய் நின்றுகொள்வேன். அவள் போன அன்றைக்குப் பாட ஆளில்லை. மைக்செட்காரர்தான் பென்டிரைவைச் செருகினார்.

உனக்கு எத்தனை வரி நினைவிருக்கிறது? போனில் பாடி அனுப்பு. வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் அப்பா சத்தம் போடுவார், களத்துமேட்டுக்குப் போய்விடு.

உன் மகன்