செவென் மலைகளுக்கு வருமுன்

நீம்,
மார்ச் 9

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி, மறுபடியும் கோத்தகிரிப் பக்கம் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே யாவரும் நலம். பெரியவள் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள், அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

தெற்கு பிரான்ஸின் செவென் மலைகளை மலைச் சைக்கிளில் தாண்ட நீ போட்டு அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். வீல்ஃபோரில் தொடங்கி மொன் லொஸேர், ஃப்லொராக், கோஸ் மேஜான், எய்குவால் வழியாக லெ விகான். வழி சரிதான். அவலோனிலிருந்து மத்தியதரைக் கடல்வரை மலைச் சைக்கிளுக்கென்று வகுத்திருக்கும் ஜி.டி.எம்.சி. நெடும்பாதையும் லொஸேர், மேஜான், எய்குவால் மூன்றையும் தாண்டித்தான் போகிறது. ஆனால் நாளுக்கு 60 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாயே, அது தார்ச்சாலைக் கணக்கு. பையோடு இந்தப் பாதைகளில் மணிக்கு 8, மிஞ்சினால் 10 கிலோமீட்டர் நகரும். நாளுக்கு 35 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றம், அதற்குமேல் வைக்காதே. முதல் நாளையே எடுத்துக்கொள். வீல்ஃபோர் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நீ ஏறப்போகும் மா த லா பார்க்கின் உயரம் சுமார் 1,400. காலையிலேயே 800 மீட்டர் ஏறியாக வேண்டும். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால் 30க்கு மாற்று. பின்னால் பெரிய பல்சக்கரம் 51 பல்லாக இருக்கட்டும். முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

ஏற்ற இறக்கத்தைவிட முக்கியமாக நீ பார்க்க வேண்டியது காலடிப் பாறை. ஒரே வாரத்தில் மூன்று வகைப் பாறைமேல் ஓட்டப்போகிறாய். லொஸேர் கிரானைட். ஃப்லொராக்குக்குக் கிழக்கே, மிமாந்த் பள்ளத்தாக்கைச் சுற்றி அடுக்கடுக்காகப் பிளக்கும் சிஸ்ட். மேஜான் மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். சைக்கிளில் எது பழுதாகும், கையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும், மழை வந்தால் எங்கே வழுக்கும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

கிரானைட் உடைந்து உதிரும்போது கரடுமுரடான மணலாகிறது. இறக்கத்தில் அந்த மணல்மேல் முன்சக்கரம் மிதக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விரலை எடுத்துவிடு. ஈரமானால் அதே மணல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடை அரைத்துத் தள்ளும். பிசின் கலவையாலான ரெசின் பேட் ஒரு நல்ல மழைநாளில் தேய்ந்து தகடு தெரிந்துவிடக்கூடும். அதனால் உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேட் போட்டுக்கொள், இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொரு ஜோடி உபரியாக வை. போடுமுன் டிஸ்க்கில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார். விலை குறைந்த டிஸ்க்குகள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருக்கும். அதில் சின்டர்டு போட்டால் டிஸ்க்கே தேய்ந்துபோகும். புதுப் பேடைப் போட்ட கையோடு மலையிறங்காதே. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது தடவையாவது பிடித்து விட்டால்தான் பிரேக் கவ்வும். நீண்ட இறக்கத்தில் லேசாகப் பிடித்தபடியே வருவதும் தவறு. சூடு ஏறி லிவர் பஞ்சுபோல அமுங்கிவிடும். அழுத்திப் பிடி, வேகம் குறைந்ததும் விடு, டிஸ்க்குக்கு ஆற நேரம் கொடு.

ஒன்றை மறக்காதே. இங்கே வாடகைக்குத் தரும் சைக்கிளில் இடக்கை லிவர்தான் முன்பிரேக். நம் ஊரில் வலக்கை. பழக்கத்தில் இடக்கையை இறுக்கினால் தலைக்குப்புற விழவேண்டியதுதான். கடையிலேயே இரண்டையும் மாற்றிப் பூட்டித் தரச் சொல். பிரேக் ஹோஸ் நீளம் ஒத்துவந்தால் சின்ன வேலைதான். ஒத்துவராவிட்டால் முதல் ஒரு மணிநேரம் சமதளத்தில் ஓட்டிக் கையைப் பழக்கு. அதே கடையில் அந்த ஃப்ரேமுக்குரிய டிரெய்லியர் ஹேங்கர், அதாவது பின்கியர் மாற்றியை ஃப்ரேமோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு, ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது வேறு. லொஸேர் மேல் எந்தக் கிராமத்திலும் கிடைக்காது.

போன்-த-மோன்வேர் தாண்டி, கோல் து சபே கணவாய் வழியாக ஃப்லொராக் நோக்கி இறங்கும்போது சிஸ்ட் தொடங்கும். அதன் விளிம்பு கத்தி. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் திரவம் முள்குத்தை மூடும், பக்கச்சுவர்க் கிழிசலை மூடாது. பக்கச்சுவர் தடித்த 2.4 அங்குல டயர் எடு. 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் திரவம் ஊற்று. போன சீசனில் ஊற்றியதை நம்பாதே, இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். உன் எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்துப் பார். பை கனமானால் பின்னால் இரண்டு கூட்டு. கிழிந்தால் உள்ளே வைத்து மறைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய கட்டைவிரல் நீளத் துண்டு ஒன்று, ஒரு ட்யூப், 12 வேகச் செயினுக்கு இரண்டு இணைப்புக் கண்ணி, இவற்றையும் எடுத்துக்கொள். சில இடங்களில் மழைநீரைத் திருப்பிவிட, பாதைக்குக் குறுக்கே கல்பலகைகளைச் செங்குத்தாக நட்டிருப்பார்கள். அவற்றை நேருக்கு நேராக, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் கல்லோடு சறுக்கி ஓடும். உட்கார்ந்தபடியே போனால் பின் ரிம் அடிவாங்கும்.

ஃப்லொராக்கில் ஒரு நாள் ஓய்வு வை. அன்றும் கால் சும்மா இருக்காது என்றால், மிமாந்த் ஓரமாகச் சென்-ஜூலியானிலிருந்து கசாஞ்ஞா பக்கம் போகும் பழைய ரயில்தடத்தில் உருட்டிவிட்டு வா. 1968இல் மூடிய பாதை, ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றமே தெரியாது.

கோஸ் மேஜானை நீ ஒரே வரியில் தாண்டியிருக்கிறாய். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் பொட்டல் மேடு, ஓடையே கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புப் பிளவுகளுக்குள் இறங்கிவிடும். ஃப்லொராக் ஊருக்குள்ளேயே பெஷே என்ற ஊற்று பாறையடியிலிருந்து கொட்டுகிறதே, அது அந்த மேட்டில் விழுந்த தண்ணீர்தான். ஆக, தண்ணீர் இருப்பது கீழே. நீ ஓட்டப்போவது மேலே. ஃப்லொராக்கிலேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏறு. மேலே பண்ணைக் குக்கிராமங்கள் உண்டு, கடை இருக்கும் என்று எண்ணாதே. குழாயில் நீர் வந்தாலும் குடிக்கத்தக்கதல்ல என்று பலகை இருந்தால் விட்டுவிடு. காய்ந்த சுண்ணாம்புக்கல்லில் டயர் பிரமாதமாகப் பிடிக்கும். நனைந்தால் சோப்புக்கட்டிதான். கூடவே வெளுத்த களிமண் சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சுழலவே விடாது. மழையென்றால் மேட்டின்மேல் சிறுசாலையிலேயே போய்விடு, கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வழியில் வேலிக்குள் குட்டையாக, பழுப்பாகக் குதிரைகள் நிற்பதைக் கண்டால் அவை பிர்ஷெவால்ஸ்கிக் காட்டுக்குதிரைகள். 1993 முதல் வளர்க்கிறார்கள். மெய்ருயேஸுக்கு இறங்குமுன் ஜோந்த் பள்ளத்தாக்கின்மேல் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகளையும் நிமிர்ந்து பார். அழிந்துபோயிருந்த இனம், 1981 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டு நிலைத்திருக்கிறது.

ஆறு கடப்பதைப் பற்றித்தான் நீ அதிகம் கேட்டிருந்தாய். பெரிய ஆறுகளுக்குப் பாலம் இருக்கிறது. நீ இறங்கிக் கடக்கப்போவது ஓடைகளும் சிற்றாறுகளும். பிரான்ஸின் அரசு நில வரைபடமான ஐ.ஜி.என். வரைபடத்தில் 'gué' என்று எழுதியிருக்கும் இடம் அதுதான். ஓட்டியே கடக்கலாமா என்பதற்கு எளிய கணக்கு: அடி தெரிய வேண்டும், நீர் சக்கர நடுவிலுள்ள ஹப்புக்குக் கீழே இருக்க வேண்டும், எதிர்க்கரையில் ஏறும் இடம் கண்ணில் பட வேண்டும். மூன்றும் இருந்தால் இறங்குமுன்பே லேசான கியருக்கு மாறி, பெடலை நிறுத்தாமல், தண்ணீரைப் பார்க்காமல் கரையைப் பார்த்துப் போ. ஒன்று குறைந்தாலும் நட. ஏமாற்றுவது கல்கரடான ஓடையல்ல, சமமாகப் போட்ட கான்கிரீட் தளம். பாசி படர்ந்திருக்கும், சக்கரம் திரும்பியவுடன் ஆள் கீழே. வெயிலில் சூடான ஹப் சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பேரிங் கெடுவது அப்படித்தான். அன்று மாலை செயினைத் துடைத்து எண்ணெயிடு, சக்கரத்தைச் சுற்றி மணல் அரைபடும் சத்தம் கேட்கிறதா பார்.

நடந்து கடக்கும்போது ஷூவைக் கழற்றாதே. பையின் மார்பு, இடுப்புப் பட்டைகளை அவிழ்த்துவிடு, விழுந்தால் உதறிவிட வசதி. சைக்கிள் உனக்குக் கீழ்நீரோட்டப் பக்கம் இருக்கட்டும். மேல்பக்கம் வைத்தால் நீர் அதை உன்மேல் தள்ளும். ஓடும் நீர் முழங்காலைத் தொட்டால் திரும்பி வந்து பாலம் தேடு. அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரைகளில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கும். மின்நிலையம் நீரைத் திறந்தால் வெயில் காயும் நாளிலும் மட்டம் திடீரென உயரும். அங்கே மதியச் சாப்பாட்டுக்கு ஆற்று நடுவிலுள்ள பாறையில் போய் உட்காராதே.

செப்டம்பரில் வரலாமா என்றும் கேட்டாய். வேண்டாம் என்பேன். கடலிலிருந்து ஏறிவரும் சூடான ஈரக்காற்று இந்த மலைச்சரிவில் முட்டி, இலையுதிர்காலத்தில் ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டும். 2002 செப்டம்பரில் ஆண்டூஸ் பக்கம் ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. காலையில் பாதம் நனைந்த ஓடை மாலையில் மரத்தை அடித்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு வேட்டைக்காலமும் தொடங்கிவிடும். மே கடைசி, ஜூன் முதல் வாரம்தான் என் சிபாரிசு. லொஸேர் உச்சியில் பனி போயிருக்கும், சதுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆட்டுமந்தைகள் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் மேலேறும். மந்தை எதிர்ப்பட்டால் கூடவே வெள்ளைக் காவல்நாய்கள் இருக்கலாம். சைக்கிளிலிருந்து இறங்கி, அதை உனக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நட. ஓட்டினால் துரத்தும். எந்த நாள் வந்தாலும் காலையில் வானிலைக்கு மெத்தியோ-பிரான்ஸ் எச்சரிக்கை நிறத்தையும், ஆற்று மட்டத்துக்கு விஜிக்ரூ இணையதளத்தையும் பார். ஆரஞ்சு என்றால் பள்ளத்தாக்குக்குள் இறங்காதே.

மே மாதத்தில் விடுமுறைகள் நெருக்கமாக வரும், விடுதிகள் நிரம்பிவிடும். இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து இப்போதே பதிவு செய்ய வேண்டும். கிராமக் கடைகள் நடுப்பகலில் இரண்டு மூன்று மணிநேரம் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை பல இடங்களில் திறக்கவே மாட்டார்கள்.

நீமிலிருந்து வீல்ஃபோருக்கு ரயில் உண்டு, க்ளெர்மோன்-ஃபெரான் போகும் பாதை. சைக்கிளை அப்படியே ஏற்றலாம், இடம் மட்டும் குறைவு. லெ விகானில் ரயில் இல்லை. கடைசி நாள் மாலை காரோடு நான் வந்து நிற்கிறேன்.

கடைக்குச் சொல்ல வேண்டும், அதனால் உன் உயரம், தொடையிடுக்கிலிருந்து தரைவரை கால் அளவு, பையோடு சேர்த்த எடை மூன்றையும் எழுது. எடை தெரிந்தால்தான் சஸ்பென்ஷனில் காற்று எவ்வளவு என்று சொல்ல முடியும். ஏறி உட்கார்ந்ததும் கால்பங்கு அமுங்க வேண்டும். கிளிப் பெடல் பழக்கமென்றால் உன் பெடலையே கொண்டுவா. டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை வீட்டிலேயே வைத்துவிடு, இங்கே வாங்கித் தருகிறேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
குமரன்