அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பா நோயில் விழுந்த நாளிலிருந்து நினைவுக் கூட்டம் முடிந்த நாள்வரை எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் அம்மா சொன்னார். பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் பொதுவில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குற்றப் புலனாய்வில் இருந்தவர் அப்பா. ஆனால் பாராட்டு விழா என்றாலே நழுவிவிடுவார். ஒரு கொலை வழக்குக்காக அவருக்குப் பதக்கம் அறிவித்தபோது, “சாட்சி சொன்ன அந்த அம்மாவுக்கு என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டு மேலதிகாரிகளை நெளிய வைத்தவர். அவருக்கு நன்றி சொல்லிப் பலர் எங்களுக்கு எழுதிவிட்டீர்கள். அவர் யாருக்கெல்லாம் நன்றி சொல்லியிருப்பாரோ, அவர்களுக்கு இது.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், ரத்தம் கொடுத்த இளம் காவலர்கள், மண்டபம் பிடிப்பது முதல் நாற்காலி அடுக்குவதுவரை எங்களை ஒன்றும் செய்யவிடாத அப்பாவின் பழைய குழுவினர், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

கைரேகைப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த மூத்த நிபுணர் கூட்டத்தில் பேசினார். அப்பா வீட்டில் அடிக்கடி சொன்ன கதையையே அவரும் எடுத்தபோது, எங்களில் சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கைரேகைகளை வகை பிரித்து அடுக்க உலகின் பல நாட்டுக் காவல்துறைகள் நெடுங்காலம் பயன்படுத்திய முறைக்கு ‘ஹென்றி முறை’ என்று பெயர். எட்வர்ட் ஹென்றி அன்று வங்காளக் காவல்துறையின் தலைவர், பிறகு லண்டன் பெருநகரக் காவல்துறையின் ஆணையர். ஆனால் பத்து விரல் ரேகைகளையும் கணக்காக மாற்றி 1,024 வகைகளாகப் பிரித்து, தேடும்போது சட்டென்று எடுக்கும்படி செய்ததில் பெரும் பங்கு அவரிடம் வேலை பார்த்த அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருடையது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது அந்த முறையை வைத்துத்தான். அவர்களுக்கு உரிய அங்கீகாரமோ வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. ஸ்டேஷனில் யாராவது ஒருவரை மட்டும் தூக்கிவைத்துப் பேசினால், “ஹென்றிக்குப் பேரு, ஹக்குக்கு வேலை” என்பாராம் அப்பா. அந்த நிபுணர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இதை எழுதியே வைத்திருந்தாராம். ஐயா, உங்களுக்கு நன்றி. அப்பா உங்களைத்தான் ‘நம்ம ஹக்’ என்பார். உங்களிடம் நேரில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து, சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் காவலர்கள். பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். கயிறு கட்டிவிட்டு மணிக்கணக்கில் வாசலில் நிற்பவர்கள். படத்துக்கும் பேட்டிக்கும் யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒன்றின் தடம் மற்றதில் படியும் என்பது எட்மண்ட் லோகார்டின் கொள்கை. 1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் காவல்துறைக்கென ஆய்வகம் தொடங்கியவர் அவர். அந்த விதி திருடனுக்கு மட்டுமல்ல, பார்க்க வரும் மேலதிகாரியின் ஷூவுக்கும் பொருந்தும் என்பார் அப்பா. பெரிய அதிகாரி ஒருவரையே உள்ளே விடாமல் நிறுத்திய இளம் காவலர், இன்று தானே அதிகாரியாகிக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அன்று அப்பா தன் பக்கம் நின்றதைச் சொல்லிக் கலங்கினார். நீங்கள் காத்துக்கொடுத்த ஒரு நூலிழைதான் அந்த வழக்கை நிற்க வைத்தது என்று அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

இனி, சாட்சிகள். இதில்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டிஎன்ஏ வந்துவிட்டது, கேமரா வந்துவிட்டது, இனி ஆள் சாட்சி எதற்கு என்று யாராவது கேட்டால் அப்பா இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வழக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அங்கே 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டு, இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். 1984இல் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டறிந்திருந்த அலெக் ஜெஃப்ரிஸ் பக்கத்திலேயே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மாதிரிகள் அவரிடம் போயின. இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்தப் பையன் இல்லை என்று முடிவு வந்தது. ஒரு குற்ற வழக்கில் டிஎன்ஏ செய்த முதல் வேலையே நிரபராதி ஒருவனை விடுவித்ததுதான். வாக்குமூலத்தை மட்டும் நம்பாதே, செய்தவனுக்குத் தவிர வேறு யாருக்கும் தெரிய முடியாத ஒன்று அதில் இருக்கிறதா என்று பார், என இளையவர்களுக்கு அப்பா ஓயாமல் சொன்னதற்கு அடிப்படை இது.

கதை அதோடு முடியவில்லை. அந்த வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரி எடுத்தும் ஒருவரும் பொருந்தவில்லை. கொலையாளி தனக்குப் பதிலாக உடன் வேலை செய்பவரை அனுப்பியிருந்தான். போனவர் மதுக்கடையில் அதை உளறிவைக்க, கேட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் பிறகு போலீசிடம் சொன்னார். 1987இல் கைது, 1988இல் ஆயுள் தண்டனை. “லேப் பொருத்திப் பார்த்துச் சொல்லும். யாரைப் பொருத்திப் பார்க்கணும்னு ஒரு மனுஷர்தான் வந்து சொல்லணும்” என்பார் அப்பா. அப்படி வந்து சொன்ன உங்களில் பலர், வேலைநாளை இழந்து, மிரட்டலைத் தாங்கி, வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படியேறியவர்கள். தீர்ப்பு வந்த பிறகு உங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு பேச்சையும் சொல்ல வேண்டும். பல வழக்குகளில் அப்பாவைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்த மூத்த வழக்கறிஞர் தானாகவே மேடையேறினார். “அவர் டைரியில் ஓட்டை தேடி அலுத்துப்போனவன் நான். தனக்குச் சாதகமில்லாததையும் அவரே எழுதிவைத்திருப்பார். இருட்டாக இருந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை என்று சாட்சி சொன்னால் அதுவும் அப்படியே இருக்கும். அதை வைத்தே ஒரு வழக்கில் என் கட்சிக்காரருக்கு விடுதலை வாங்கினேன்” என்றார். அன்று கேட்டதில் அப்பாவுக்கு மிகப் பிடித்திருக்கக்கூடிய பாராட்டு இதுதான் என்பேன். அந்த வழக்கு தோற்றபோது வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் மனிதர்தானே.

அம்மாவுக்கு நன்றி எழுதினால் திட்டுவார். இருந்தாலும் எழுதுகிறேன். நள்ளிரவில் போன் அடித்தால் “எங்கே?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டையை எடுத்து வைத்தவர். எங்கள் பள்ளி விழாக்களில் பெரும்பாலும் அவர் ஒருவரே உட்கார்ந்திருந்தார். அப்பா நல்ல துப்பறிவாளர், பாதி நாள் வீட்டில் இல்லாத தகப்பன். அந்த மீதிப் பாதியை அம்மாவோடு சேர்ந்து நிரப்பிய அத்தைகள், மாமாக்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம், அப்பாவுக்குத் தகவல் சொன்னவர்கள். உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எங்களிடம்கூட அவர் சொன்னதில்லை. படிக்கிறவர்களில் நீங்களும் இருந்தால் எங்கள் வணக்கம்.

முடிவாக ஒன்று. காணாமல்போன ஒரு மாணவியின் வழக்கு அப்பாவின் காலத்தில் துலங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுதோறும் அந்தப் பெண்ணின் தாயைப் போய்ப் பார்த்து, புதிதாக ஒன்றுமில்லை என்பதை நேரில் சொல்லிவிட்டு வருவார். அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கும் பெண் ஆய்வாளருக்கு எங்கள் குடும்பத்தின் தனி நன்றி. அந்த விசாரணையில் அப்பாவோடு இருந்தவர்கள், அக்கம்பக்கத்தில் அன்று குடியிருந்தவர்கள் யாருக்காவது ஏதாவது நினைவு வந்தால், சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எங்களிடம் சொல்ல வேண்டாம், நேராக அந்த ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகள்